இரண்டாவது சிபாரிசுக் கடிதம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நாளெல்லாம் உழைத்த உடம்புக்குத் தோதாக ஒரு கதை வைத்திருக்கிறேன். ராஜா ராணி கிடையாது. ஒரு விண்ணப்பம், மூன்று கல்லூரி, களைத்துப்போன ஒருத்தி, அவ்வளவுதான். நடுவில் கண் அசந்தால் அசரட்டும், கதை கோபித்துக்கொள்ளாது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், மருந்துக் கிடங்குக்கும் லிஃப்டுக்கும் நடுவே ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்று. ஜன்னல் உண்டு, திறந்தால் எதிரே சுவர். அங்கே பதினாலு வருஷமாக வேலை பார்த்தாள் ஒருத்தி. ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு லேப்பம்மா என்றுதான் பேர். காலை ஏழு மணிக்கு வெளிநோயாளிகளுக்கு ரத்தம் எடுப்பாள். ஒன்பது மணிக்கு மேல் வார்டுகளிலிருந்து டியூப்கள் வந்து குவியும், ஊதா மூடி, சிவப்பு மூடி, நீல மூடி என்று. அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால், எடுக்கும்போது கண்ணைச் சுற்றி வளையம் விழுந்திருக்கும். அந்த வளையத்தோடுதான் வீட்டுக்குப் போவாள், கண்ணாடி போட மறந்த ஆந்தை மாதிரி.

அந்தக் கூடத்தில் இரண்டு விதி உண்டு. அவற்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். ரத்தம் எடுக்குமுன் "நீங்கதானே இன்னார்?" என்று கேட்கக்கூடாது. "உங்க பேர் என்ன?" என்றுதான் கேட்க வேண்டும். ஏனென்றால் களைத்த மனுஷன் எந்தப் பேருக்கும் தலையாட்டிவிடுவான். பசியோடு இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றவனிடம் போய் நீதானே ராஜகுமாரன் என்று கேளுங்கள், ஆமாம் என்பான். இரண்டாவது விதி, பேர் மாறின சாம்பிளைத் திருத்தக்கூடாது. எவ்வளவு நல்ல சாம்பிளாக இருந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும்.

இந்த இரண்டையும் லேப்பம்மா மூச்சு விடுவது மாதிரி செய்தாள். ஆனால் ஒன்று பாருங்கள். சிலைடில் எந்தச் செல் கோணல், எது நோஞ்சான் என்று கண்டுபிடிப்பது அவள் கண். ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்துப் போடுவது வேறொருத்தர். மேற்படிப்புப் படித்தவர்தான் கையெழுத்துப் போடலாம் என்பது சட்டம். போன வருஷம் வந்து சேர்ந்த பெண் ஒன்று, "அக்கா, இது என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்று கூப்பிடும். இவள் பார்த்துச் சொல்வாள். அது எழுதிக் கையெழுத்துப் போடும். நல்ல பெண்தான், நன்றி சொல்லாமல் போனதே இல்லை. இருந்தாலும் நெல் குத்தினவள் ஒருத்தி, கைதட்டல் வாங்கினவள் ஒருத்தி என்றால் மனசு எத்தனை நாளைக்குத்தான் சும்மா இருக்கும்?

படிக்கத்தான் வேண்டும் என்று முதல் வருஷமே நினைத்தாள். அந்த வருஷம் கல்யாணம். அடுத்து மாமனாருக்குப் பக்கவாதம், ஆறு வருஷம் படுக்கை. அவர் போய்ச் சேர்ந்த கையோடு புருஷன் வேலை செய்யப் போன வீட்டு மாடிப்படியில் வழுக்கி இடுப்பை ஒடித்துக்கொண்டார். ஆகட்டும், அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று ஒத்திப்போட்டதில் ஒருநாள் விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. பட்டம் வாங்கிப் பதினைந்து வருஷத்துக்கு மேலானவர்கள் விண்ணப்பிக்க முடியாது. விரல் விட்டு எண்ணினாள். இந்த வருஷம் விட்டால் அவ்வளவுதான்.

புருஷன் பிரிட்ஜ் ரிப்பேர்காரர். பேச்சு குறைவு, செய்கை நிறைய. ஒரு பெரிய பிரிட்ஜ் அட்டைப்பெட்டியைப் பிரித்து வீட்டுக் கூடத்தில் விரித்தார். சாக்பீஸால் கட்டம் போட்டார். பெரிய காலேஜ், ரயிலில் ஆறு மணி நேரம், இரண்டு வருஷம் விடுதியில் தங்கிப் படிக்கணும், பேர் கேட்டாலே ஆட்கள் எழுந்து நிற்பார்கள். நடுக் காலேஜ், சனி ஞாயிறு மட்டும். மாலைக் காலேஜ், தினமும் ஐந்தரை முதல் எட்டரை வரை, ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. தூரம், பஸ், வகுப்பு நேரம் என்று கட்டங்கள் நிரம்பின. கடைசியாக அவராகவே "தூக்கம்" என்று ஒரு கட்டம் சேர்த்தார். கணக்குப் போட்டதில் பெரிய காலேஜுக்கு ஏழு மணி நேரம் வந்தது, மாலைக் காலேஜுக்கு நாலரை.

"தூக்கத்தைப் பாத்தா பெரிய காலேஜ்தான் சரி," என்றார். சாக்பீஸைக் கீழே வைத்தார். "ஆனா அங்க நீ தூங்குவே. இங்க நான் தூங்க மாட்டேன்."

அவள் சாக்பீஸ் தூளைத் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நல்லவேளை, மூன்றுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம்தான். கேட்டுப் பார்ப்போம், எது கிடைக்கிறதோ அது நம்முடையது என்று முடிவாயிற்று.

விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை நாத்தனாருடையது. புருஷனின் தங்கை. தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். இந்த வட்டாரத்தில் பாதிப் பேர் உத்தியோகத்தில் இருப்பது தன் டைப்பிங்கால்தான் என்று சொல்லிக்கொள்வாள், அதில் பாதியாவது நிஜம். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். இந்தப் படிப்பை ஏன் படிக்க விரும்புகிறீர்கள், ஐநூறு வார்த்தைக்கு மிகாமல் எழுதவும் என்றது படிவம். லேப்பம்மா யோசித்து, கையெழுத்துப் போட என்று எழுதிக் கொடுத்தாள். இன்னும் நானூற்றுத் தொண்ணூற்றெட்டு வார்த்தை பாக்கி இருக்கு அண்ணி, மிச்சத்தைப் பத்திரமா பூட்டி வெச்சிருக்கீங்களா என்று கேட்டாள் நாத்தனார்.

சிபாரிசுக் கடிதம் இரண்டு வேண்டும். ஒன்று மேலதிகாரியிடமிருந்து. பரிசோதனைக் கூடத்துப் பெரிய டாக்டரிடம் போய் நின்றாள். நீயே எழுதிட்டு வாம்மா, போட்டுத் தர்றேன் என்றார். எல்லா இடத்திலும் நடப்பதுதான். லேப்பம்மா சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதினாள். பதினாலு வருஷமாக ரிப்போர்ட் எழுதின கை அது. "பணிக்கு ஒழுங்காக வருகிறார். தவறுகள் குறைவு. குறிப்பிடத்தக்க கோளாறு எதுவும் காணப்படவில்லை." டாக்டர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நாத்தனார் படித்தாள். காணாமல்போன குடைக்குக்கூட இதைவிட நாலு வார்த்தை நல்லதாப் போடுவாங்க அண்ணி என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் டாக்டர் அன்றைக்கே ஊருக்குக் கிளம்பிவிட்டார், மாற்ற வழியில்லை. ஆக எல்லாப் பாரமும் இரண்டாவது கடிதத்தின் தலையில். படிப்பிலோ வேலையிலோ மூன்று வருஷமாவது நேரில் அறிந்த மூத்தவர் ஒருவர் எழுத வேண்டும் என்றிருந்தது. கல்லூரியில் மூன்று வருஷமும் அவளுக்கு உயிரியல் எடுத்த பழைய பேராசிரியர் ஞாபகம் வந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. வியாழக்கிழமை சாயங்காலம், வேலை முடிந்த காலோடு அவர் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. காலை ஏழிலிருந்து நின்ற கால், ஒவ்வொரு படியிலும் ஒரு பேச்சு பேசியது. பேராசிரியருக்கு எண்பதை நெருங்கும் வயது. கதவைத் திறந்து, அவள் பேர் எழுதியிருந்த படிவத்தை வாங்கிக்கொண்டு, அவளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நீதானே அந்த இடதுகைக்காரி? தவளை வரைஞ்சா அது பெஞ்சை விட்டுக் குதிச்சுடும்னு நான் சொல்வேனே?"

அவள் கையில் தண்ணீர் டம்ளர். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தலை மேலும் கீழும் அசைந்தது. ஆமாம் என்று அசைந்ததா, மூச்சுக்கு அசைந்ததா என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. பேராசிரியருக்கு அது போதும். உருப்பெருக்கியையும் மைப்பேனாவையும் எடுத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தார். மின்விசிறி ஓடியது. நாற்காலி மெத்தென்று இருந்தது. அவள் தூங்கிப்போனாள். ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் தோளைத் தொட்டு எழுப்பி, நாலு மடிப்பாகக் கடிதத்தைக் கையில் வைத்தார். கொட்டாவியைக் கையால் மூடிக்கொண்டு கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.

பஸ்ஸில் இடம் கிடைத்தபிறகு பிரித்துப் படித்தாள். முத்து முத்தான எழுத்து. மேலே அவள் பேர், சரியாக. கீழே மூன்று வருஷமும் முதல் மதிப்பெண், தங்கப் பதக்கம், பேச்சுப்போட்டிப் பரிசு, இடது கையால் வரைந்த படங்கள் இன்னும் துறைச் சுவரில் தொங்குகின்றன, என் நாற்பது வருஷ ஆசிரியர் வாழ்வில் இப்படி ஒரு மாணவியைக் கண்டதில்லை.

அவரும் பொய் எழுதவில்லை. அப்படி ஒருத்தி இருந்தாள். இவள் பக்கத்தில், அதே பெஞ்சில். அவள் இடதுகைக்காரி, இவள் வலதுகைக்காரி, எழுதும்போதெல்லாம் முழங்கையோடு முழங்கை இடிக்கும். அவள் இப்போது எங்கேயோ கடல் தாண்டி இருக்கிறாள்.

லேப்பம்மா கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். தெருமுனையில் இறங்கும்வரை எதுவும் நினைக்க முடியவில்லை. உடம்பு அசந்திருந்தால் மனசுக்கும் கால் வலிக்கும் போலிருக்கிறது.

கடையில் நாத்தனார் கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள், ஒருதரம் மௌனமாக, ஒருதரம் சத்தமாக. அண்ணி, இத்தனை நாளா இதையெல்லாம் எங்ககிட்ட மறைச்சீங்களே என்று கட்டிக்கொண்டாள். ஸ்கேன் ஆயிற்று, ஏற்றியும் ஆயிற்று. கடைசிப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் லேப்பம்மா வாயைத் திறந்து நடந்ததைச் சொன்னாள். எடுத்துடும்மா என்றாள்.

நாத்தனார் ஒத்துக்கொள்வாளா? வாதாடினாள். எழுதினது அவர், தப்பு அவரோடது, நீங்க ஒரு வார்த்தை பொய் சொல்லலியே என்றாள். இந்த வருஷம் போனா எந்த வருஷமும் இல்ல என்றாள். ராத்திரிக்குள்ள இடது கையால ஒரு தவளை வரையக் கத்துக்குங்க, விஷயம் முடிஞ்சுது என்றாள். சிரிப்பு வந்தது இருவருக்கும், நிலைக்கவில்லை.

"பேர் என்னோடது, ரத்தம் அவளோடது," என்றாள் லேப்பம்மா. "இந்த மாதிரி டியூப் வந்தா நான் கொட்டிடுவேன்மா. எத்தனை தரம் கொட்டியிருக்கேன், குழந்தை அழுதாக்கூட."

நாத்தனார் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் கை நீண்டு கடிதத்தைத் திரையிலிருந்து நீக்கியது. வீட்டில் புருஷன் விஷயத்தைக் கேட்டுவிட்டு அவளுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தார், காலை முக்கி வைத்துக்கொள்ள.

மறுநாள் காலை டியூப்கள் வந்து குவியுமுன், பேராசிரியருக்குப் போன் செய்தாள். தலையாட்டினது என் தப்பு சார், நான் அவங்க இல்ல என்றாள். அந்தப் பக்கம் உருப்பெருக்கியை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப நீ யாரும்மா?"

"அதே பெஞ்சுதான் சார். ஜன்னல் பக்கம்."

அவர் தேடினார். தேடுவது போனிலேயே கேட்டது, பழைய அலமாரியைத் திறந்து மூடுவது மாதிரி. கடைசியில், ஞாபகம் வரலியேம்மா என்றார், அவருக்கே தாங்கவில்லை. நீ சொல்லு, நீ சொல்றதை எழுதித் தர்றேன் என்றார். பரவாயில்லை சார், ஞாபகம் இல்லாததை எழுதினா உங்க கை கூசும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். மூன்று வருஷம் ஒருவர் முன்னால் உட்கார்ந்து எழுதியிருக்கிறோம், சுவரில்கூட ஒரு கறை விழுந்திருக்கும் என்று நினைத்தாள். கையுறையை மாட்டிக்கொண்டாள்.

பதினொன்றரைக்குக் குழந்தைகள் வார்டிலிருந்து ஊதா மூடி டியூப் ஒன்று வந்தது. தூக்கிப் பார்த்தாள், உள்ளே கட்டி. உறைந்த ரத்தத்தை எண்ண முடியாது. மறுபடி எடுக்கவும் என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். இரண்டாவது நிமிஷம் போன் அலறியது. அந்த வார்டின் தலைமை நர்ஸ். லேப்பம்மாவுக்குக் காட்டேரி என்று பட்டம் கட்டியதே அந்த அம்மாள்தான். எத்தனை கொடுத்தாலும் இன்னும் ரத்தம் இன்னும் ரத்தம் என்று கேட்கிறவளுக்கு வேறென்ன பேர் வைப்பது? குழந்தைக்கு நரம்பே கிடைக்கல, மூணு இடத்துல குத்தி எடுத்தோம், நீ கீழ உக்காந்து சொகுசா திருப்பி அனுப்பறியா என்று ஆரம்பித்து ஏழு தலைமுறையையும் தொட்டுவிட்டு வந்தது பேச்சு.

வழக்கமாக லேப்பம்மா கேட்டுக்கொள்வாள், "சரி சிஸ்டர், மறுபடி எடுங்க" என்பாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து வேறு வந்தது.

"சிஸ்டர், என்னை உங்களுக்கு எவ்வளவு வருஷமாத் தெரியும்?"

"பதினோரு வருஷமா உயிரை வாங்கறே. தெரியாம என்ன?"

"அதை எழுதித் தருவீங்களா?"

எதுக்கு என்றது போன். லேப்பம்மா விஷயத்தைச் சொன்னாள், கூட்டாமல் குறைக்காமல், ரிப்போர்ட் வாசிக்கிற குரலில். ஐந்து மணிக்குள் வேண்டும் என்றாள். தலைமை நர்ஸ் முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. குழந்தைக்கு மறுபடி குத்தணும், போனை வை என்றாள்.

பன்னிரண்டேகாலுக்குப் புது டியூப் வந்தது, கட்டியில்லாமல். கடிதம் வரவில்லை. இரண்டு மணி, மூன்று மணி. மைக்ரோஸ்கோப்பில் செல்கள் நீந்தின. ஒரு சிலைடை இரண்டுதரம் எண்ணினாள், நம்பிக்கை வராமல் மூன்றாம்தரமும் எண்ணினாள். கையெழுத்துப் போடும் அந்தப் புதுப் பெண் எட்டிப் பார்த்து, அக்கா கொஞ்சம் உக்காருங்க என்றது. உட்கார்ந்துதானே இருக்கேன் என்றாள் லேப்பம்மா.

நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது லிஃப்ட் திறந்தது. தலைமை நர்ஸ் நேரிலேயே இறங்கி வந்திருந்தாள். பதினோரு வருஷத்தில் அந்த அம்மாள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தது அதுதான் முதல்தடவை. எப்போதும் போனில் சண்டை போட்ட முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க இருவருக்குமே கூச்சமாக இருந்தது. கவரை மேஜையில் வைத்துவிட்டு, திட்டித்தான் எழுதியிருக்கேன், படிக்காதே என்றாள். திரும்பிப் போய்விட்டாள்.

கடைக்குப் போய்ச் சேரும்போது நாலரை. நாத்தனார் முதல்நாள் கோபத்தோடு உர்ரென்று கவரைப் பிரித்தாள். வார்டின் தலைப்பிட்ட தாள், முத்திரை, நீல மையில் அவசரமான எழுத்து. வாய்விட்டுப் படித்தாள்.

"இவரை எனக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும். எங்களுக்குள் ஒத்துப்போனதில்லை. என் வார்டிலிருந்து போன சாம்பிளை நானூறு தடவையாவது திருப்பி அனுப்பியிருப்பார். அதற்காக நான் திட்டாத நாளில்லை. மூன்று வருஷத்துக்கு முன் இரண்டு குழந்தைகளின் டியூபில் பேர் மாறிவிட்டது. மாற்றி எழுதியது என் கை. பழைய ரிப்போர்ட்டோடு ரத்த வகை ஒத்துவரவில்லை என்று அவர் பிடித்துத் திருப்பி அனுப்பினார். விட்டிருந்தால் ஒரு குழந்தைக்கு வேறு வகை ரத்தம் ஏறியிருக்கும். பதிவேட்டில் வார்டின் பேரை எழுதினார், என் பேரை எழுதவில்லை. அன்றைக்கும் அவரைத் திட்டினேன். இவர் மேலே படித்து வந்தால் இன்னும் கறாராகிவிடுவார், எங்கள் பாடு திண்டாட்டம்தான். இருந்தாலும் என் பேரனுக்கு ரத்தம் பார்க்க வேண்டுமென்றால் இவரிடம்தான் அனுப்புவேன்."

நாத்தனார் படித்து முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். இதுல தவளை இல்ல அண்ணி என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஸ்கேன் செய்தாள். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு நாற்பத்தாறுக்கு, பெற்றுக்கொள்ளப்பட்டது என்று பச்சை எழுத்து வந்தது. லேப்பம்மா காகிதக் கட்டுகளின் மேல் தலையைச் சாய்த்தாள். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள், யாரையும் சத்தம் போட விடவில்லை நாத்தனார்.

ஆறு வாரம் கழித்துப் பதில்கள் வந்தன. பெரிய காலேஜ் வருத்தத்துடன் தெரிவித்தது. நடுக் காலேஜ் எதையுமே தெரிவிக்கவில்லை. டயர் கடைக்கு மேலே இருந்த மாலைக் காலேஜ் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. வேலை முடிந்து, கண்ணைச் சுற்றின வளையத்தோடு போய் உட்கார்ந்தாள். கீழே யாரோ சக்கரத்தைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே மூன்று பேர், அவர்கள் முகமும் களைத்துத்தான் இருந்தது. மூத்தவர் கோப்பைப் புரட்டினார்.

"நீங்கதானே அந்த... நர்ஸம்மாவோட சண்டை போடற..."

அவள் தலை அசையப் பார்த்தது. நிறுத்தினாள். நிமிர்ந்து உட்கார்ந்து, தன் பேரை இனிஷியலோடு சொன்னாள். பிறந்த தேதி சொன்னாள். பட்டம் வாங்கின வருஷத்தையும் பதிவெண்ணையும் சொன்னாள். அப்புறம்தான், ஆமாம், நான்தான் என்றாள்.

மூத்தவர் கோப்பில் இருந்ததோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

இடம் கிடைத்துவிட்டது என்று நாத்தனார் தெரு முழுக்கச் சொல்லி வந்தாள். தலைமை நர்ஸுக்கு லேப்பம்மா போனில் சொன்னாள். இனிமே படிச்ச காட்டேரி என்று பதில் வந்தது. புருஷன் அட்டைப்பெட்டியை எடுத்து, தூக்கம் என்ற கட்டத்தில் நாலரை என்றிருந்ததை அழித்துவிட்டு, "ஞாயிறு முழுக்க" என்று எழுதினார். எழுதினபடியே காவலும் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டுக் கதவைத் தட்டினவர்களுக்குப் பிரிட்ஜ் ரிப்பேர்காரர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் உழைத்து வருகிறவர்களுக்கு வெந்நீரும் வாரத்தில் ஒரு நாள் தூக்கமும் குறையாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளின் வேலைக்கு அடியில் அவர்கள் கையெழுத்தே விழட்டும். நீங்கள் எவ்வளவு அசந்திருந்தாலும், உங்களைத் தெரிந்தவர் ஒருவராவது, சண்டைக்காரராக இருந்தாலும் சரி, உங்கள் பேரைச் சரியாக எழுதி வைத்திருக்கட்டும். போய்ப் படுங்கள்.